பாற்கடலில் முட்டை நாற்றம்

அக்டோபர் 2, ரயிலிலிருந்து இறங்கியதும்

அக்கா மகள் கோவாவில் இருந்துகொண்டு கடல் பாக்டீரியாக்களை ஆராய்கிறாள். எந்த இடம், யார் வழிகாட்டி என்பதெல்லாம் எழுதக்கூடாது என்று கட்டளை. சரி, எழுதவில்லை. மூன்று வருடமாக வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். "டிசம்பர்ல வராதீங்க மாமா, அப்போ ஊரே இங்கதான் இருக்கும். அக்டோபர் முதல் வாரம் வாங்க. கடல் அப்போதான் நாறும்." சொந்தக்காரரை ஊருக்குக் கூப்பிட இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்லை. கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருடம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கடல் என்றால் பெசன்ட் நகர், சுண்டல், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து வாஸ்கோ போகும் ரயில் காசில்ராக் நிலையத்தில் வெகுநேரம் நின்றது. அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை 37 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் இறங்க வேண்டும். வண்டி தன் எடைக்கு ஓடிவிடாமல் பிடித்து இழுக்க, கூடுதல் என்ஜின்களைப் பூட்டுகிறார்கள். அவற்றுக்குப் பெயர் பாங்கர். எதிர் சீட்டுக்காரர் இதைச் சொன்னபோது, ஓடுகிறவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுதானே எங்கள் வேலையும் என்று சொல்ல நினைத்தேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.

இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் பெட்டியிலிருந்த அத்தனை பேரும் ஒரே பக்க ஜன்னலுக்கு ஓடினார்கள். துத்சாகர் அருவி. 310 மீட்டர் உயரத்திலிருந்து அடுக்கடுக்காக விழுகிறது. ரயில் பாலம் அருவியின் குறுக்கே போகிறது, சாரல் முகத்தில் அடித்தது. மழைக்காலம் முடிந்த கையோடு வந்ததால் பாறையே தெரியாத அளவுக்குத் தண்ணீர். துத் என்றால் பால், சாகர் என்றால் கடல். பாற்கடல்! பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "அழகா இருக்குல்ல? இந்தத் தண்ணிதான் குற்றவாளி. நாளன்னைக்குக் கடல்ல காட்டறேன்."

அக்டோபர் 3, பணஜி

காலையில் மீன் சந்தை. எங்கள் சென்னையில் கானாங்கெளுத்தி, நாகர்கோவில் பக்கம் அயிலை, இங்கே பாங்டா. மீன் ஒன்றுதான். மதியம் மீன் சாப்பாடு, கூடவே இளஞ்சிவப்பு நிறத்தில் சோள்கடி. கோகம் புளியும் தேங்காய்ப் பாலும் சேர்த்தது. இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் மாண்டவி ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். ஆறு செம்மண் கரைசலாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்று துத்சாகரில் பார்த்த தண்ணீர் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. குற்றவாளி என்று ஏன் சொன்னாள் என்று கேட்டேன். சாப்பாட்டுக் கடை பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள்.

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும், மேற்குக் கரையோரத்து நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். அந்த மாதங்களில் ஆழத்துத் தண்ணீர் கடலடிச் சரிவில் மெல்ல ஏறிக் கரைப்பக்கம் வருகிறது. அது குளிர்ந்த தண்ணீர், உப்பு அதிகம், நைட்ரேட் போன்ற சத்துகள் நிறைய. ஆனால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. இதே மாதங்களில்தான் கோவாவில் மழை கொட்டுகிறது. மாண்டவியும் சுவாரியும் நன்னீரைக் கொண்டுபோய்க் கடலின் மேல் பரப்புகின்றன. நன்னீருக்கு எடை குறைவு, அதனால் மேலேயே மிதக்கும். ஐந்து முதல் பத்து மீட்டர் தடிப்பில் ஒரு மூடி போட்டமாதிரி ஆகிவிடுகிறது. மேலே காற்று என்ன அடித்தாலும் கீழே இருக்கும் தண்ணீருக்கு மூச்சு எட்டாது.

"கீழ மாட்டிக்கிட்ட தண்ணிக்கு என்ன ஆகும்?"

"மேல பாசி மண்டும் மாமா. செத்துக் கீழ விழும். பாக்டீரியா அதைத் தின்னும். தின்னத் தின்ன ஆக்சிஜன் போகும். ஆகஸ்ட்ல கிட்டத்தட்டத் தீர்ந்துரும். செப்டம்பர், அக்டோபர்ல…" என்று மூக்கைப் பிடித்துக் காட்டினாள்.

கோவாவுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லையாம் இது. இந்திய மேற்குக் கரையோரம் இப்படி மூச்சு முட்டும் பரப்பு சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சொச்சம்தான். வருடத்தில் சில மாதம் ஒரு தமிழ்நாட்டைவிடப் பெரிய கடலடி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது. அதன் மேலேதான் பாராசூட் படகு விட்டு விளையாடுகிறார்கள்.

அக்டோபர் 4, கடலில்

காலை ஐந்தரைக்கு மாலிம் துறை. பணஜிக்கு நேர் எதிரே, மாண்டவியின் வடகரையில் இருக்கிறது. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் புகை, நாய்கள். வாடகைக்குப் பேசிவைத்திருந்த விசைப்படகு காத்திருந்தது. படகின் தலைவரைத் தாண்டேல் என்கிறார்கள். சென்னைக் கரையிலும் தண்டல் என்றால் படகுத் தலைவர்தானாம், இவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அறிந்த தண்டல், காலையில் கொடுத்துச் சாயங்காலம் வசூலிப்பது.

தாண்டேல், ஜார்கண்டிலிருந்து வந்த இரண்டு பையன்கள், அக்கா மகள், அவளுடைய ஆய்வகத் தோழி, நான், என் கையில் ஓர் எலுமிச்சம்பழம். வலப்பக்கம் அகுவாடா கோட்டை விலகிப்போனது. ஆற்றுமுகத்தில் காப்பி நிறத்தில் இருந்த தண்ணீர் ஓரிடத்தில் சட்டென்று முடிந்தது. நுரையும் குச்சியும் பிளாஸ்டிக்கும் ஒரு கோடாக மிதக்க, அந்தப் பக்கம் பச்சை. வடக்கே திரும்பிக் காண்டோலிம் கடற்கரைக்கு எதிரே பத்து கிலோமீட்டர் வந்ததும் என்ஜினை நிறுத்தினார்கள். ஆழம் 25 மீட்டர். கரையிலிருந்த ஹோட்டல்கள் எல்லாம் ஒரு பென்சில் கோடாகத் தெரிந்தன.

இந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தோனா பாவ்லாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1997 முதல் இங்கே திரும்பத் திரும்ப வந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறது. காண்டோலிம் காலத்தொடர் என்று பெயர். இங்கே எடுத்த அளவுகளையும் சேர்த்துத்தான் எஸ். டபிள்யு. ஏ. நக்வியும் அவர் குழுவும் 2000-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆக்சிஜன் அற்றுப்போகும் இந்த மாதங்களில் கடலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு ஏராளமாகக் கிளம்புகிறது என்பது அதில் உள்ள செய்தி. பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயுதான். ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு கெட்டிக்காரத்தனம் அதற்கு. ஒரே இடத்துக்கு வருடக்கணக்காக வந்து ஒரே வேலையைச் செய்வதன் மதிப்பு பேரேடு எழுதியவனுக்குத் தெரியும். ஒரு நாள் இருப்பைப் பார்த்து வாடிக்கையாளரைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது.

முதலில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். செக்கி தட்டு, தண்ணீரின் தெளிவை அளக்க. நாலு மீட்டரில் கண்ணுக்கு மறைந்தது. அடுத்து இரும்புக் கூண்டுக்குள் உணர்கருவிகள் கொண்ட சிடிடி, ஆழத்துக்கு ஆழம் சூட்டையும் உப்பையும் அளப்பது. அது கீழே போகப் போக மடிக்கணினியில் கோடுகள் விழுந்தன. மேலே 28 டிகிரி. ஆறு மீட்டர் வரை கோடு நேராக வந்தது. அங்கிருந்து ஒரு வெட்டு, கோடு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அடியில் 23-க்கும் கீழே. உப்பு எதிர்ப்பக்கம் ஏறியது. ஆறிலிருந்து எட்டு மீட்டருக்குள் இரண்டு வேறு கடல்கள்.

"இதோ உங்க துத்சாகர்" என்று அந்த வெட்டுக்கு மேலே விரலை வைத்தாள்.

பிறகு நிஸ்கின் புட்டி. இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய், கம்பியில் மாட்டி இறக்க வேண்டும். வேண்டிய ஆழம் வந்ததும் கம்பியோடு ஒரு பித்தளைக் குண்டை நழுவவிட்டால் அது கீழே போய்த் தட்டும், மூடிகள் அடைத்துக்கொள்ளும். அந்தக் குண்டுக்கு மெசஞ்சர் என்று பெயர். அதை நழுவவிடும் வேலையை எனக்குக் கொடுத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் "டக்" என்று ஒரு சின்ன அதிர்வு விரலுக்கு வந்து சேரும். இந்தப் பயணத்தில் நானே செய்த ஒரே அறிவியல் அதுதான்.

அடித்தண்ணீர்ப் புட்டி மேலே வந்தது. தொட்டால் ஜில்லென்றிருந்தது. குழாயைத் திறந்தாள். ஜார்கண்ட் பையன்கள் சிரித்துக்கொண்டே முன்பக்கம் ஓடிவிட்டார்கள். எனக்கு ஒரு கணத்தில் பதினோராம் வகுப்பு கெமிஸ்ட்ரி லேப், மூலையில் கிப் உபகரணம், வராண்டா முழுவதும் அழுகிய முட்டை. அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டேன். சுற்றிலும் வெயில், நீலவானம், தூரத்தில் ஒரு பாராசூட் படகு. நாற்றம் மட்டும் காலடியில் 25 மீட்டர் கீழேயிருந்து வந்திருக்கிறது.

அடுத்து அவள் செய்தது எனக்குக் கண்கட்டு வித்தை போலவே இருந்தது. மேல்தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியிலும் அடித்தண்ணீரை இன்னொன்றிலும் நிரப்பி, இரண்டிலும் அதே இரண்டு மருந்துகளைச் செலுத்தினாள். ஹங்கேரிக்காரர் விங்க்ளர் 1888-ல் வெளியிட்ட முறை, இன்னும் இதைவிட நம்பகமானது அதிகம் இல்லை என்கிறாள். ஆக்சிஜன் இருந்தால் மாங்கனீசு பழுப்பாக மாறும். மேல்தண்ணீர்ப் புட்டியில் டிகாக்‌ஷன் இறங்குவது போலப் பழுப்பு படர்ந்தது. அடித்தண்ணீர்ப் புட்டியில் வெள்ளையாகத் திரண்டது, வெள்ளையாகவே நின்றது. சுத்தமான பால்.

"ஆக்சிஜன் இல்லேன்னா பாக்டீரியா சாக வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அவள் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். குடும்பத்தில் பணமுடை வந்தால் என்ன செய்வோம்? முதலில் கையிருப்பு ரொக்கம். அது தீர்ந்தால் சேமிப்பை எடுப்போம். அதுவும் போனால் நகையைக் கொண்டுபோய் அடகு வைப்போம். பாக்டீரியாக் கூட்டத்தின் வழியும் அதேதான். ஆக்சிஜன் ரொக்கம், அதில்தான் லாபம் அதிகம். அது தீர்ந்ததும் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தெரிந்தவை தலைதூக்குகின்றன. அவை நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்கு விட்டுவிடும், அந்த வழியில் பாதியில் நழுவுவதுதான் சிரிப்பூட்டும் வாயு. நைட்ரேட்டும் தீர்ந்தால் சல்பேட். ஒரு லிட்டர் கடல்நீரில் அது 2.7 கிராம் அளவுக்கு இருக்கிறது, தீரவே தீராது. ஆனால் அதில் சுவாசித்தால் வெளியே வருவது முட்டை நாற்றம். அடகுக்கடை வாசலுக்குப் போய்விட்ட குடும்பத்தின் வாடையைத்தான் நான் முகர்ந்திருக்கிறேன்.

கடைகிறபோது முதலில் விஷம்தான் மேலே வரும் என்று பாட்டி கதை சொல்லியிருக்கிறாள். மந்தர மலைக்குப் பதில் ஒரு நிஸ்கின் புட்டி.

திரும்பும் வழியில் தாண்டேலிடம் இந்த மாதங்களில் மீன் எப்படி என்று கேட்கச் சொன்னேன். அடியில் இழுக்கும் வலையில் சில நாள் ஒன்றுமே இருக்காது, எல்லாம் கரைப்பக்கமோ மேலேயோ போய்விடும் என்றாராம். கொச்சிக்கு எதிரே இதே சங்கதியை ஆக்சிஜனோடு முடிச்சுப் போட்டு கார்ல் பான்சே 1959-லேயே எழுதிவிட்டார் என்றாள் அக்கா மகள். தாண்டேலுக்குப் பான்சேயைத் தெரியாது. அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் வாந்தி எடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 5, ஆய்வகம்

நேற்று எடுத்த தண்ணீரை நேற்றிரவே வடிகட்டிவிட்டார்கள். வடிதாளின் துளை 0.22 மைக்ரான். அதில் பாக்டீரியாக்கள் சிக்கிக்கொள்ளும். வட்டத் தாள்களை மைனஸ் 80 டிகிரி பெட்டியில் வைத்திருக்கிறாள். அதிலிருந்து மரபணுவைப் பிரித்து யார் யார் இருக்கிறார்கள் என்று படித்துமுடிக்க வாரங்கள் ஆகும். அதுவரை தலை எண்ணலாம். ஒரு சாயத்தைப் போட்டு, புற ஊதா ஒளியில் நுண்ணோக்கி வழியாகக் காட்டினாள். கறுப்பு வானத்தில் நீலப் புள்ளிகள்.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியாக்கள். மனக்கணக்கு போட்டேன், ஒரு லிட்டர் பாட்டிலில் நூறு கோடி. இந்தியாவின் ஜனத்தொகைக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் போதும்.

மாதாமாதம் எண்ணிக்கை அங்கே இங்கே ஏறி இறங்கினாலும், பெரிதாக மாறுவது ஆட்கள்தான் என்கிறாள். தெருவில் வீடுகள் அதேதான், குடியிருப்போர் மாறிவிடுகிறார்கள். இப்போது அடித்தண்ணீரில் கந்தகத்தைத் தின்று வாழ்பவையும் சல்பேட்டைச் சுவாசிப்பவையும். மார்ச், ஏப்ரலில் வந்தால் கதையே வேறு. காற்று இல்லை, கடல் தெளிந்து கண்ணாடி போலக் கிடக்கும், மேல்தண்ணீரில் நைட்ரேட் வற்றியிருக்கும். அப்போது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சை பாக்டீரியா பழுப்புத் திட்டுகளாக மிதக்கும். மாலுமிகள் இதை மரத்தூள் என்றே சொல்லிவந்தார்கள், படத்தில் பார்த்தால் தச்சுப்பட்டறை வாசல் மாதிரிதான் இருக்கிறது. இது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கடலில் சேர்க்கும். கோடையில் ஒரு கூட்டம் நைட்ரஜனை வரவு வைக்கிறது, மழை முடியும்போது இன்னொரு கூட்டம் பற்று எழுதி வெளியே அனுப்புகிறது. ஐந்தொகை போட்டால் நேராகுமா என்று கேட்டேன். "அதைத்தான் மாமா எல்லாரும் போட்டுப் பாத்துட்டிருக்காங்க" என்றாள்.

மேல்தண்ணீரில் எப்போதும் நிறைய இருப்பது எது என்று கேட்டேன்.

"சார்."

நான் கதவுப்பக்கம் திரும்பி எழுந்திருக்கப் பார்த்தேன், யாரோ பெரியவர் வருகிறார் என்று. "ஐயோ மாமா, சார்-11." சர்காசோ கடலில் 1990-ல் முதலில் மரபணுவாக மட்டும் அகப்பட்டதால் அந்தப் பெயர். ஆய்வகத்தில் வளர்த்துக்காட்ட 2002 வரை ஆனது. உலகக் கடல்களின் மேல்தண்ணீரில் நான்கில் ஒரு பாக்டீரியா இந்த வகை. சின்ன உடம்பு, சிக்கனமான மரபணு, கொஞ்சமே சாப்பிடும், எங்கும் இருக்கும். எங்கள் வங்கியில் இப்படி ஒரு கிளார்க் இருந்தார். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர் மட்டும் அங்கேயே இருப்பார்.

ஒரு சந்தேகம் என்னை நேற்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அக்டோபரில் வரும் இந்தக் கந்தகக் கூட்டம் மற்ற மாதங்களில் எங்கே போகிறது?

பதில் சொல்ல அவள் பேச்சு இங்கிலாந்துக்குப் போனது. பிளிமத் ஊருக்கு வெளியே, ஆங்கிலக் கால்வாயில் எல்-4 என்று ஒரு நிலையம். அங்கே 2003 முதல் 2008 வரை ஆறு வருடம் எடுத்த 72 மாதிரிகளில் பாக்டீரியா மரபணுக்களைப் படித்தார்கள். குளிர்காலத்தின் நடுவில், பகல் மிகக் குறுகிய நாட்களில் வகைகள் அதிகமாகின்றன, வருடாவருடம் கடிகாரம் போல அதே சுற்று. பகலின் நீளத்தை மட்டும் தெரிந்துகொண்டாலே அந்த மாற்றத்தில் பெரும்பகுதியைக் கணித்துவிடலாம் என்று 2012-ல் ஜாக் கில்பர்ட் குழு எழுதியது. பிறகு ஒரே ஒரு மாதிரியை மட்டும் எடுத்து, மிக ஆழமாக, சுமார் ஒரு கோடி மரபணு வரிசைகள் வரும்வரை படித்தார்கள். ஆறு வருடத்தில் கண்ட வகைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரே புட்டியில் இருந்தன! எல்லோரும் எப்போதும் அங்கேயே இருக்கிறார்கள், பெரும்பாலோர் விரல்விட்டு எண்ணும் அளவில், தங்கள் மாதத்துக்காகக் காத்துக்கொண்டு. அந்தக் கட்டுரை இதை விதை வங்கி என்கிறது.

எனக்கு இதற்கு வேறு பெயர் தெரியும். செயல்படாக் கணக்கு. பத்து ரூபாய் இருப்போடு வருடக்கணக்கில் தூங்கும். யாரும் மூடமாட்டார்கள். ஒரு நாள் திடீரென்று அரசு மானியம் வந்து விழுந்ததும் கணக்கு உயிர்பெறும், கணக்குக்காரர் வரிசையில் முதல் ஆளாக நிற்பார்.

ஆனால் பிளிமத் கணக்கை அப்படியே கோவாவுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பகல் எட்டு மணி நேரத்திலிருந்து பதினாறு வரை நீள்கிறது. இங்கே பதினொன்றிலிருந்து பதின்மூன்று, அவ்வளவுதான். இங்கே கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது பருவக்காற்று. நம் ஊர்க் கடல்களைப் புரிந்துகொள்ள நாமேதான் மாதாமாதம் படகேற வேண்டும் என்று அவள் சொன்னபோது குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. படகு வாடகைக்கான ரசீது எத்தனை மேஜைகளைத் தாண்டி வருகிறது என்பதையும் சொன்னாள். அதை எழுதக்கூடாது.

அக்டோபர் 6, மாலிம் துறை

படகுக்காரர்களிடம் வாங்கியிருந்த கேனைத் திருப்பிக் கொடுக்க மாலிம் போனபோது தமிழ் கேட்டது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகு ஒன்று என்ஜின் ரிப்பேருக்காக ஒதுங்கியிருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அரபிக்கடல் முழுக்கச் சுறாவுக்கும் சூரைக்கும் போகிற ஆட்கள். அறுபது வயது இருக்கும் ஓர் அண்ணாச்சி வலைப்பெட்டி மேல் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வந்தது.

காண்டோலிம் நாற்றத்தைச் சொன்னேன். சிரித்தார். "அது கரைக்கடலு சார். வெள்ளம் கலங்கிக் கெடக்கும், மாசத்துக்கு ஒரு நெறம். வெலங்க போயிட்டா கறுத்த வெள்ளம். அங்க எப்பவும் அதேதான்."

வெலங்க என்றால் கரையை விட்டு வெகுதூரம், வெள்ளம் என்றால் தண்ணீர். எப்பவும் அதேதானா என்று அக்கா மகளைப் பார்த்தேன். பாதி சரி என்றாள். நடுக்கடலில் தண்ணீர் தெளிந்திருக்கும், சத்து குறைவு. அங்கே சார்-11 கூட்டமும், புரோகுளோரோகாக்கஸ் என்ற மிகச் சிறிய ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவும் பெரிய குடும்பங்கள். கரைப்பக்கம் அதன் உறவினரான சினெகோகாக்கஸ் கை ஓங்கியிருக்கும். கீழே சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை அரபிக்கடலில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வருடம் முழுவதும் அப்படித்தான், மழைக்கும் வெயிலுக்கும் அங்கே வேலை இல்லை. ஆனால் நாறாது. நைட்ரேட் அங்கே முழுதாகத் தீர்வதில்லை, சேமிப்பு கையிருப்பில் இருப்பதால் அடகுக்கடைக்குப் போகும் நிலை வருவதில்லை. கரைக்கடலில் ஓடுவது தினசரி நடப்புக் கணக்கு என்றால் அது நிரந்தர வைப்பு.

ராத்திரியில் கடல் ஒளிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகரில் அலை நீலமாக மின்னியதை நானே பார்த்திருக்கிறேன். வலை இழுக்கும்போது பொறி பறப்பது எத்தனையோ தடவை பார்த்தாயிற்று என்றார். அது நாக்டிலூகா, பாக்டீரியா இனமே இல்லை, தட்டினால் மினுங்கும் ஒற்றைச் செல் உயிர் என்று குறுக்கே வந்தாள் அக்கா மகள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கடலு முழுக்க வெள்ளையா, பனி விழுந்தாப்பில. அலை இல்ல, ஒண்ணுமில்ல. எங்க மாமன் பாத்துருக்காரு, சொக்கோத்ராவுக்கு அந்தப்பக்கம். நான் பாத்ததில்ல."

அக்கா மகளின் முகம் மாறிவிட்டது. அவள் வாழ்நாளில் ஒருமுறை பார்க்க நினைப்பது அதுதானாம். 1995 ஜனவரி 25 இரவு, லிமா என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் சோமாலியாவுக்குக் கிழக்கே அப்படி ஒரு வெள்ளைக் கடலுக்குள் நுழைந்து, மணிக்கணக்கில் அதன் மேலேயே போனது. கப்பல் குறிப்பில் எழுதிவைத்தார்கள். பத்து வருடம் கழித்து ஸ்டீவன் மில்லர் என்ற விஞ்ஞானி பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டிப் பார்த்தார். அதே இடத்தில், அதே தேதியில், மூன்று இரவுகளாக ஒளிரும் ஒரு திட்டு. பரப்பு 15,400 சதுர கிலோமீட்டர். நாலு கோவா!

1985-ல் ஓர் அமெரிக்கக் கப்பல் அதே சொகோத்ரா தீவின் அருகே இப்படிப்பட்ட தண்ணீரை அள்ளிப் பார்த்தபோது அதில் அகப்பட்டது விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா. தனியாக இருந்தால் அது ஒளிராது. கூட்டம் ஓர் அளவைத் தாண்டிவிட்டது என்று தங்களுக்குள் வேதிச் சமிக்ஞையால் தெரிந்துகொண்ட பிறகே ஒளிரும், அப்புறம் அணையாமல் நின்று எரியும். வடமேற்கு இந்தியப் பெருங்கடலில் இதற்கும் பருவம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஒன்று, ஜனவரியிலிருந்து மார்ச் வரை இன்னொன்று. இவ்வளவு கோடி விப்ரியோக்கள் திடீரென்று எதைத் தின்று பெருகின என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாக்டீரியாவா?" என்றார். பிறகு கடலைப் பார்த்தார். "எங்க மாமன் குரிசடிக்கு நேந்துகிட்டாரு." குரிசடி என்றால் சிலுவை நட்ட சின்னக் கோயில்.

அக்டோபர் 7, ரயில்

திரும்பும் வண்டியும் அதே மலைப்பாதை. துத்சாகரைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தேன், இரைச்சலும் சாரலும் மட்டும் வந்தன. மூடச் சொல்லிப் பக்கத்து சீட்டுக் குழந்தை அழுதது.

டிசம்பர் 12, சேர்க்கை

நாறுவது நின்றதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்று காலை படகிலிருந்தே பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் என்ஜின் சத்தம், பையன்களின் சிரிப்பு.

பருவக்காற்று திரும்பிய பிறகு கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆழத்துத் தண்ணீர் சரிவில் கீழே இறங்கிவிடும். வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரையோரம் வடக்கே ஏறுவதும் இந்த மாதங்களில்தான். சென்னையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள் என்று அவளுக்கு நான்தான் எழுதியிருந்தேன், எங்கோ படித்தது.

அடித்தண்ணீர்ப் புட்டியின் படமும் வந்திருந்தது. நல்ல பழுப்பு, ஸ்ட்ராங் டிகாக்‌ஷன்.

"நாறல மாமா. நம்ம ஊர் நீவாடு வந்துருச்சு போல. உங்க எலுமிச்சம்பழம் இன்னும் ஃபிரிட்ஜ்லயே கெடக்கு, எடுத்துப் போட்ரவா?"